அடுப்புப் புகையை நிறுத்துப் பார்த்தோம்

"நீங்க பீடி, சிகரெட் ஏதும் குடிக்கிறீங்களா?"

வைத்தியர் கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் அறுபத்திரண்டு வயதுத் தாய். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடங்கள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். லயத்தில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. நானும் அப்படித்தான் அழைப்பேன். இரண்டு வருடங்களாக இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்கல், இரவில் இழுப்பு. பல தடவை சொல்லிய பின்னர்தான் என்னுடன் வைத்தியசாலைக்கு வரச் சம்மதித்தார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. வெளியே வந்ததும், "என்னா மிஸ், டாக்டர் ஐயா இப்படிக் கேட்டுப்புட்டாரு? எங்க வீட்டு ஆம்பளைங்களே தொட்டதில்ல" என்று குறைப்பட்டார். ஊதிப் பார்க்கும் சோதனையின் பின் சுவாசக் குழாய்கள் நிரந்தரமாக ஒடுங்கிப்போகும் நாட்பட்ட நுரையீரல் நோய் என்று சொல்லப்பட்டது. புகைப்பவர்களுக்கு வரும் நோய் என்றே பலரும் அறிந்த நோய் அது.

வைத்தியர் கேட்டதில் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. "எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள்? எத்தனை வருடமாக?" பத்து வயதில் அடுப்படிக்கு வந்தவர் பெரியம்மா. ஐம்பது வருடங்களுக்கு மேலாக நாளுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் அவர் புகை குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது பீடிப் புகையல்ல, மிலாறுப் புகை.

அடுப்படிக்கு வந்த கருவி

இது நடந்த சில மாதங்களில் வளி மாசடைதல் பற்றி ஆராயும் பல்கலைக்கழக மாணவர் சிலர் எங்கள் வேலைப் பிரதேசத்துக்கு வந்தார்கள். வீடுகளுக்கு அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு. நான் சமூகவியல் படித்தவள். இரசாயனம் பாடசாலையோடு போய்விட்டது. ஆகவே கேள்வி கேட்டுக் கேட்டே நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு இறாத்தல் பாண் அளவான பெட்டியைப் பெரியம்மாவின் அடுப்பங்கரைத் தட்டில் வைத்தார்கள். உள்ளே செல்லும் காற்றின் மீது ஒளிக்கதிர் விழுகிறது. துணிக்கைகள் அந்த ஒளியைச் சிதறடிக்கின்றன. எவ்வளவு சிதறுகிறதோ அதைக் கொண்டு துணிக்கைகளின் அளவு கணிக்கப்படுகிறது. அடுப்பு மூட்டுமுன் எண் நாற்பதுக்குள் நின்றது. பெரியம்மாவின் மருமகள் மூன்று கல் அடுப்பில் மிலாறை அடுக்கி, ஒரு சொப்பிங் பேக்கைச் சுருட்டிக் கொளுத்திச் செருகினாள். எண் நூறு, நானூறு என்று ஏறி ஆயிரத்தைத் தாண்டியது. மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மூத்த பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

"இது எதைக் காட்டுது மிஸ்?" என்று கேட்டாள். "நீ மூச்சில இழுக்கிறத" என்றேன். அவள் மெல்லப் பிள்ளையைப் பின்னால் தள்ளி நிறுத்தினாள்.

அந்த எண் ஒரு கணத்துக்குரியது என்பதையும் சொல்ல வேண்டும். அடுப்பு மூட்டும் சில நிமிடங்களில் எழும் உச்சம் அது. ஒரு நாள் முழுவதற்கான சராசரி அதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தச் சராசரியை அறியத்தான் இரண்டாவது முறை.

புகையை நிறுப்பது எப்படி?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு நிறை உண்டா? உண்டு. சிறிய பம்பி ஒன்றைப் பெரியம்மாவின் தோளில் மாட்டிவிட்டார்கள். அது ஒரே சீராகக் காற்றை இழுத்து வட்டமான வடிதாள் ஒன்றின் ஊடாகச் செலுத்தும். வாயிலில் உள்ள அமைப்பு பெரிய தூசுகளைச் சுழற்றி விலக்கிவிடும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள நுண்துணிக்கைகள் மட்டும் தாளில் படியும். எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். அதில் முப்பதில் ஒரு பங்குக்கும் சிறியவை இவை. மூக்கு மயிரும் சளியும் பெருந்தூசைத் தடுக்கும். இவற்றை முழுமையாகத் தடுக்க முடியாது. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை இவை போகும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும்.

கணக்கு எளிது. பம்பி நிமிடத்துக்கு 2 லீற்றர் காற்றை இழுத்தால் 24 மணித்தியாலத்தில் 2,880 லீற்றர், அதாவது 2.88 கனமீற்றர். கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை நிறுக்கும் தராசில் தாளை முன்னும் பின்னும் நிறுக்கிறார்கள். தாள் 288 மைக்ரோகிராம் கூடியிருந்தால் காற்றில் கனமீற்றருக்கு 100 மைக்ரோகிராம் நுண்துணிக்கை இருந்தது என்று பொருள்.

100 என்பது கூடுதலா, குறைவா? உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 24 மணித்தியாலச் சராசரி 15ஐயும் வருடச் சராசரி 5ஐயும் தாண்டக் கூடாது. 2005இல் இவை 25ஆகவும் 10ஆகவும் இருந்தன. குறைந்த அளவிலும் தீங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியதால் எல்லை இறக்கப்பட்டது. எமது நாட்டில் 2008ஆம் ஆண்டின் வர்த்தமானி வெளிப்புறக் காற்றுக்கு 24 மணித்தியாலத்தில் 50, வருடத்தில் 25 என்று விதித்தது. காற்றோட்டம் குறைந்த வீடுகளில் விறகுப் புகையின் நுண்துணிக்கை ஏற்கத்தக்க அளவைப் போல் நூறு மடங்கு வரை செல்லலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

வெளிக் காற்று கெட்டால் செய்தி வருகிறது. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் காலத்தில் அயல்நாட்டு மாசும் சேர்ந்து காற்று கெட்டபோது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. 9ஆம் திகதி பாடசாலைகளும் மூடப்பட்டன. அது சரியான நடவடிக்கையே. ஆனால் அடுப்படிக் காற்றுக்கு வர்த்தமானியும் இல்லை, விடுமுறையும் இல்லை.

ஒரே நிறை, ஒரே நஞ்சா?

மாணவர்கள் இரண்டு வடிதாள்களைக் காட்டினார்கள். ஒன்று பெரியம்மாவின் அடுப்படியில் இருந்தது, மைபோலக் கறுப்பு. மற்றது தொழிற்சாலைக்குப் போகும் மண் பாதையோரத்தில் வைத்தது, மங்கிய மண்ணிறம். "இரண்டும் ஒரே நிறை காட்டினால் தீங்கும் ஒன்றுதானா?" என்று கேட்டேன்.

"அதுதான் இப்ப பெரிய கேள்வி அக்கா" என்றார் ஒரு மாணவர்.

ஒரு கரண்டி உப்பும் ஒரு கரண்டி சீனியும் தராசில் ஏறத்தாழ ஒன்றாக நிற்கலாம். கறியில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். துணிக்கைகளும் அப்படியே. கடல் உப்புத் துணிக்கை, மண் தூசு, விறகுக் கரி, டீசல் கரி, வாகனத் தடுப்பான் தேய்ந்து பறக்கும் செப்புத் தூள் ஆகிய எல்லாவற்றையும் தராசு ஒன்றாகவே பார்க்கிறது. நுரையீரல் அப்படிப் பார்ப்பதில்லை.

அளவிடும் முறையே காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைக் கரும்புகை மூடியது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அன்று கணக்கிட்டார்கள். பின்னைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அந்தக் காலத்தில் வடிதாள் எவ்வளவு கறுத்தது என்பதே பிரித்தானியாவில் அளவுகோல். ஐக்கிய அமெரிக்கா 1971இல் மொத்தத் தூசுக்கும், 1987இல் 10 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த தூசுக்கும், 1997இல் 2.5க்குக் குறைந்த நுண்துணிக்கைக்கும் எல்லை வகுத்தது. இந்தக் கடைசி மாற்றத்துக்கு 1993இல் வெளியான ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆறு நகர ஆய்வு முக்கிய காரணம். 8,000க்கும் மேற்பட்டோரைப் பதினான்கு வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில், காற்று மிக மோசமான நகரில் மரண வீதம் மிகத் தூய நகரைவிட 26 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

நிறத்திலிருந்து நிறைக்கும், நிறையிலிருந்து பருமனுக்கும் வந்த விஞ்ஞானம் இப்போது நஞ்சை அளக்க முயல்கிறது.

வாழைக்காய் ஏன் கறுக்கிறது?

நஞ்சை அளக்கும் முறையை ஒரு மாணவி எனக்கு விளக்கியது எமது சமையலறை உதாரணத்தோடுதான். வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுத்துவிடும். தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் போட்டால் கறுப்பது குறையும். கறுக்கச் செய்வது ஒட்சியேற்றம். அதைத் தடுப்பதில் தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து சிக்கும் பங்குண்டு.

எமது நுரையீரலின் உட்புறத்தில் மெல்லிய ஈரப் படலம் ஒன்று உண்டு. அதிலும் உயிர்ச்சத்து சி போன்ற காவல் பொருட்கள் இருக்கின்றன. புகைத் துணிக்கையில் உள்ள சில உலோகங்களும் சேதனப் பொருட்களும் அங்கே ஒட்சியேற்றத்தைத் தூண்டுகின்றன. காவல் பொருட்கள் தம்மைச் செலவழித்து அதைத் தடுக்கின்றன. அவை போதாமற் போகும்போது கலங்கள் காயப்படுகின்றன. அழற்சி உண்டாகிறது. நாள்தோறும் அழற்சி என்றால் குழாய் தடிக்கும், ஒடுங்கும். பெரியம்மாவின் இழுப்பு அப்படி வந்ததாகவே நான் விளங்கிக்கொண்டேன்.

ஆய்வுகூடத்தில் இதையே சிறிய அளவில் செய்கிறார்கள். வடிதாளில் படிந்ததைக் கரைத்தெடுத்து உயிர்ச்சத்து சி கரைசலிலோ, டைதயோதிரைட்டோல் என்ற பொருளின் கரைசலிலோ சேர்க்கிறார்கள். உடல் வெப்பநிலையில் வைத்து, அந்தப் பொருள் எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று பார்க்கிறார்கள். வேகமாகத் தீர்ந்தால் அந்தத் தூசின் ஒட்சியேற்றும் ஆற்றல் கூடுதல். ஒரு மைக்ரோகிராம் தூசுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உப்பையும் சீனியையும் பிரித்தறியலாம்.

சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவன விஞ்ஞானிகள் பங்குகொண்ட ஆய்வொன்று 2020இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. ஐரோப்பாவில் தூசின் நிறையைக் கூட்டுபவையும் ஒட்சியேற்றும் ஆற்றலைக் கூட்டுபவையும் வெவ்வேறு என்று அது காட்டியது. நிறையில் மண் தூசு போன்றவற்றுக்குப் பெரும் பங்கு. ஒட்சியேற்றும் ஆற்றலிலோ வீடுகளில் விறகு எரிப்பதால் உண்டாகும் சேதனத் துணிக்கைகளும், வாகனத் தடுப்பான் போன்றவற்றின் உலோகத் தூளும் முன்னுக்கு நின்றன.

இந்தச் சோதனை முடிந்த முடிபல்ல. கரைசலில் நடப்பதெல்லாம் அப்படியே மனித உடலில் நடக்கும் என்று சொல்ல முடியாது. மேலும், விறகுப் புகையில் வேறு கேடுகளும் உள்ளன. பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்களும், போர்மல்டிகைட்டும், இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடிக்கும் காபனோரொட்சைட்டும் அதில் கலந்திருக்கின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2013இல் வெளிக் காற்றின் துணிக்கை மாசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியது. வீட்டு விறகுப் புகையைப் 'பெரும்பாலும் உண்டாக்கக்கூடியது' என்ற அடுத்த வகையில் வைத்துள்ளது.

யார் மூச்சில் போகிறது?

இங்கேதான் என் படிப்பு எனக்கு உதவுகிறது. ஒரே லயக் காம்பராவில் வாழும் எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. ஆண்கள் இஸ்தோப்பில் இருப்பார்கள். பிள்ளைகள் விளையாடப் போவார்கள். அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் இருப்பவள் பெண். அவள் இடுப்பில் இருப்பது கைக்குழந்தை. பெண் பிள்ளை சற்று வளர்ந்தால் அவளும் அடுப்படிக்கே வருவாள்.

வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நியூமோனியா மரணங்களில் 44 சதவீதம் இதனால் நேர்பவை என்றும் அது சொல்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை, நிறை குறைந்த குழந்தைப் பிறப்பு ஆகியவற்றோடும் தொடர்பு காணப்பட்டுள்ளது.

எமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்று குடும்பங்களுக்கு மேல் விறகிலேயே சமைத்தன. பின்னர் எரிவாயு மெல்லப் பரவியது. ஆனால் 2021 ஓகஸ்டில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. எரிவாயுவுக்கு மாறிய வீடுகள் பலவற்றில் மறுபடி விறகு வந்தது. அந்த நெருக்கடியைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். மறுபடி புகைக்குள் போன பெண்களின் நுரையீரலைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார்கள்.

எரிவாயு தந்தால் எல்லாம் தீருமா? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு பெரிய ஆய்வொன்று நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துணிக்கை 70.7 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு எதிராக 23.9 ஆக இருந்தது. ஆனால் 2022இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் சராசரிப் பிறப்பு நிறை 2,921 கிராம், மற்றவர்களுக்கு 2,898 கிராம். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தேன். தாயின் போசாக்கும் வேலைப் பளுவும் குழந்தையின் நிறையைத் தீர்மானிக்கின்றன. கர்ப்பத்தின் நடுவில் வந்த அடுப்பு அதற்கு முன்னான வருடங்களை அழிக்காது. புகை மட்டுமே எமது பெண்களின் பிரச்சினை என்று நினைப்பது தவறு. புகை பிரச்சினையே இல்லை என்பது அதைவிடத் தவறு.

ஒரு சுவரும் ஒரு கொட்டிலும்

பெரியம்மா வீட்டில் என்ன செய்யலாம் என்று பேசினோம். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு புகைபோக்கித் துவாரம் வைப்பதென்று முடிவானது. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டோம். லயம் தோட்டத்துச் சொத்து, சுவரை உடைக்க இடமில்லை என்று பதில் வந்தது. மூன்று தடவை போனோம், அதே பதில். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டின் சுவரில் ஒரு சாண் துவாரம் போட உரிமையில்லை. வீட்டுரிமை, காணியுரிமை என்று நாம் கேட்பது வெறும் பத்திரத்துக்காக அல்ல, மூச்சுக்காகவும்தான் என்று அன்று எனக்கு விளங்கியது.

பின்னர் பெரியம்மாவின் மகனே ஒரு வழி சொன்னார். பின்பக்கம் நாலு தடியும் பழைய தகரமும் கொண்டு, இரு பக்கமும் திறந்த கொட்டில் ஒன்றைப் போட்டார். மூன்று கல்லை விட்டு, இரண்டு பாத்திரம் வைக்கும் 'அனகி' களிமண் அடுப்பு வாங்கினோம். மிலாறை இரண்டு வாரம் தகரத்தின் கீழ் காயவைத்து எரித்தார்கள். சொப்பிங் பேக் கொளுத்துவதை மருமகள் விட்டுவிட்டாள். மாணவர்கள் மறுபடி வந்து பெட்டியை வைத்தபோது உச்ச எண் முன்னையதில் அரைவாசிக்கும் கீழ் இறங்கியிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லைக்கு அது இன்னும் வெகு தூரம். மழை நாளில் அடுப்பு உள்ளே வந்துவிடுகிறது. இருந்தாலும் பெரியம்மாவின் இரவு இருமல் குறைந்திருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் உடனே செய்யக்கூடியவை சில:

1. விறகை நன்றாகக் காயவைத்து, சிறிதாகப் பிளந்து எரியுங்கள். ஈர விறகுக்குப் புகை அதிகம்.

2. பிளாஸ்ரிக், சொப்பிங் பேக், இறப்பர், வர்ணம் பூசிய பலகை எதையும் அடுப்பில் போடாதீர்கள். இவற்றின் புகை விறகுப் புகையைவிட நஞ்சு.

3. சமைக்கும்போது கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். முடிந்தால் அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றுங்கள்.

4. கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அடுப்படியில் வைத்திருக்காதீர்கள். அந்த நாட்களில் சமையலை வீட்டு ஆண்கள் பொறுப்பேற்கட்டும்.

5. பூட்டிய அறையில் நுளம்புச் சுருள் வேண்டாம். ஒரு சுருள் வெளிவிடும் நுண்துணிக்கை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கண்டது. நுளம்பு வலையே நல்லது.

6. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை வருடம் விறகில் சமைத்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள்.

தெரிந்துகொள்ளும் உரிமை

இலண்டனில் வாகனங்கள் நெருங்கிய வீதியருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பெப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். முதல் விசாரணையில் காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. வருடக் கணக்காகப் போராடி அந்தத் தீர்ப்பை நீக்கச் செய்தார். 2020 டிசெம்பரில் புதிய விசாரணை, வளி மாசும் அவளது மரணத்துக்குக் காரணமாயிற்று என்று பதிவு செய்தது. பிரித்தானியாவில் அப்படிப் பதிவானது அதுவே முதல் தடவை. காற்றின் கேட்டைப் பற்றித் தாய்க்கு எவரும் சொல்லவில்லை என்பதும், சொல்லியிருந்தால் அவர் நடவடிக்கை எடுத்திருப்பார் என்பதும் அந்த விசாரணையில் வெளிவந்தன.

அந்தத் தாய்க்கு அளந்த எண்கள் கைகொடுத்தன. வீதியோரக் கருவி வருடக் கணக்கில் எழுதிவைத்த எண்கள் அவை. எமது அடுப்படிகளில் எழுதிவைக்கக் கருவி இல்லை. ஆகவே குறைந்தது ஒரு கேள்வியாவது இருக்கட்டும். கர்ப்பிணிகளைப் பதியும்போதும், இருமலோடு வரும் பெண்ணைப் பார்க்கும்போதும் "என்ன அடுப்பு, எத்தனை வருடம்?" என்று கேட்டு எழுதும் வழக்கம் எல்லாக் கிளினிக்கிலும் வர வேண்டும்.

பெரியம்மாவின் அடுத்த கிளினிக்குக்கும் நான் கூடப் போனேன். உள்ளே போகுமுன் அவர் என்னிடம் சொன்னார்: "இந்தவாட்டி நானே சொல்லிடுறேன் மிஸ். பீடி இல்ல, அடுப்பு. அம்பது வருஷம்."

சொன்னார். வைத்தியரும் எழுதிக்கொண்டார்.